நீலப்பூ ஜாடி ஸ்டாம்பு

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். வாங்க வேண்டியவை: பிரஷர் மாத்திரை, குடைக்குக் கம்பி.

கருவேப்பிலங்குறிச்சி போய் சேகரைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் ஒரே பீங்கான் கம்பெனி. அவன் கல் அரைக்கும் மில்லில், நான் சூளையில். நுரையீரல் முழுக்கக் கல்மாவு என்கிறார் டாக்டர். ஆக்ஸிஜன் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. மடியில் ஆல்பம். நாங்கள் இருவரும் சேர்த்தது ஒரே வகை: பழங்காலப் பீங்கான் படம் போட்ட ஸ்டாம்புகள். ஜாடி, தட்டு, கூஜா. எந்த நாடானாலும் சரி.

சீனா பக்கத்தில் ஒரு கட்டம் காலி. அதில் விரலை வைத்து, "நீலப்பூ ஜாடி. இவதான் எடுத்தா" என்றான். அவன் மகள் அரசி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

எடுத்தது நான்.

நவ. 4, செவ்வாய்

எழுதிவிட்டேன். அந்த வரியை அடிக்கப் போவதில்லை.

ஸ்டாம்பு காணாமல் போனபோது அரசி ஆறாவது. அவள்தான் எடுத்தாள் என்று சேகர் பெல்ட்டால் அடித்தான். பக்கத்தில்தான் நின்றேன். "வுடுடா, சின்னப் புள்ள" என்றேன். அவ்வளவுதான். ஸ்டாம்பு என் சட்டைப் பையில்.

அவனிடம் உள்ளதில் என்னிடம் இல்லாதது அது ஒன்றுதான். வேறு காரணம் உண்டா என்று யோசித்தேன். இல்லை.

மாத்திரை வாங்கியாயிற்று. கம்பி மறந்துவிட்டது.

நவ. 6, வியாழன்

மழை விட்டிருக்கிறது. சொல்லிவிடத்தான் போனேன். சேகர் தூக்கம். அரசி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டாம்பை இடுக்கியால் பிடித்து அந்தக் கட்டத்தில் செருகினேன். யாரையும் எழுப்பாமல், சொல்லாமல் வந்துவிட்டேன்.

பஸ்ஸில் நிம்மதி. பின் சீட்டில் ஒரு அம்மா: "வூட்ட பூட்டுனனா இல்லியான்னே தெரியல." ஜங்ஷனில் இறங்கி இரண்டு போண்டா, டீ.

நவ. 8, சனி

அரசி போன். "அப்பா உங்கள வரச் சொல்றாரு மாமா." குரலில் ஒன்றுமில்லை.

சேகர் ஆல்பத்தைத் திறந்து காட்டினான். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. "பாரு. நான் சாவப்போறன்னு தெரிஞ்சதும் கொண்டாந்து வெச்சிட்டா. இத்தினி வருஷமா ஒளிச்சி வெச்சிருந்திருக்கா, என் மூஞ்சியப் பாத்துகினே."

"நான் வெக்கலப்பா" என்றாள் அரசி.

"பேசாத."

சொல்லிவிட்டேன். அன்று எடுத்தது, முந்தாநாள் வைத்தது, எல்லாம்.

சேகர் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அவளக் காப்பாத்தப் பொய் சொல்றியா. நீ எப்பவும் இப்டித்தான்டா. அன்னிக்கும் நீதான் வுடச் சொன்ன."

மறுபடி சொன்னேன். சத்தியம் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டான்.

அரசி வாசல்வரை வந்தாள். என்னையே பார்த்தாள். அவள் நம்பினாள்.

நவ. 9, ஞாயிறு

ஸ்டாம்பை இத்தனை நாள் வைத்திருந்த கவர் பீரோவில் இருக்கிறது. மேலே என் கையெழுத்தில் 'சே. ஜாடி'. அதைக் காட்டினால் நம்பித்தான் ஆக வேண்டும். நாளை முதல் பஸ்.

நவ. 10, திங்கள்

நான் போய் இறங்கும்போது தெருவில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். விடியும்போது போய்விட்டானாம்.

பிற்பகல் எடுத்தார்கள். மழையில் விறகு சரியாகப் பிடிக்கவில்லை. அவன் பங்காளி ஒருவர் என் தோளைத் தொட்டு, "உங்கள மாதிரி சிநேகிதம் யாருக்குங்க அமையும்" என்றார். கவர் பையிலேயே இருந்தது. நனைந்து மசி கலைந்துவிட்டது.

நவ. 12, புதன்

நேற்று பால் தெளிப்புக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். இன்று போனேன்.

அரசி ஆல்பத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "உங்களுக்குத்தான் குடுக்கணும்னு அப்பா சொல்லிட்டுப் போனாரு."

"வேணாம்மா. நீ வெச்சிக்க."

"நான் இதத் தொட்டதே இல்ல மாமா. இப்பதான் மொதத் தடவ."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.