பன்னிரண்டு சிரட்டை கவா

பிரிஸ்பேன், செவ்வாய்

அன்புள்ள லித்தியானா,

உன் அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பிள்ளைகளுக்கு இருமல் நின்றதா? நான் நலம். கடிதத்தைக் கடைசிவரை படித்த பிறகும் அப்படியே நம்பு.

இறைச்சி ஆலையில் படி ஏறும்போது நெஞ்சு இறுக்கியது. இதய ரத்தக் குழாயில் அடைப்பாம். நேற்று பலூன் விட்டுத் திறந்துவிட்டார்கள். தூங்க வைப்பார்கள் என்று நினைத்தேன். இல்லையாம், கேட்டால் பதில் சொல்லும் அளவுக்கு லேசான மயக்கம்தானாம்.

மருந்து ஏற்றும் முன், "முந்தின நாள் ஏதாவது குடிச்சீங்களா?" என்றார் டாக்டர்.

"நான் சர்ச்சுல பாடறவன் டாக்டர்."

நர்ஸ் நம்முடைய ஃபிஜிக்காரி, கண்டாவுத் தீவு. "அண்ணே, கவா எத்தனை சிரட்டை?" என்றாள்.

"ஒரு பன்னெண்டு இருக்கும்."

"அது என்ன, மழைத் தண்ணியா?"

நம் கவா வேர்ச்சாறும் லேசாக மயக்குமாம்; அதோடு அந்த மருந்தும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகுமாம். டாக்டர் அளவைக் குறைத்துவிட்டார். அதனால் என் இதயத்தை நானே திரையில் பார்த்தேன், லித்தியானா! குழாயில் விட்ட சாயத்தால் அலையாத்தி வேர்போலக் கறுப்புக் கிளைகள். ஒன்று மட்டும் பாதியில் நின்றிருந்தது. பலூன் விரிந்ததும் நுனிவரை கறுப்பு ஓடியது. "இன்னொரு தடவ காட்டுங்க" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

கட்டிக்கொள்ள ஒரு சுலு அனுப்பு. ஆஸ்பத்திரி அங்கி முதுகை மூடுவதில்லை. பிள்ளைகள் படமும் அனுப்பு.

மயக்க மருந்து வாங்கியவனைத் தனியாக வெளியே விடமாட்டார்களாம். அழைத்துப்போக யார் வருவார் என்று படிவத்தில் கேட்ட இடத்தில், கடல் தாண்டி ஊரில் இருக்கும் உன் பெயரை எழுதிவிட்டேன். "அண்ணி எப்ப வருவாங்க?" என்று நர்ஸ் நிற்கிறாள். பேனாவையும் திருப்பிக் கேட்கிறாள். என்ன பதில் சொல்லட்டும்?

உன்
அபெனிசா