டாம்பர் விழுங்கிய சிவப்பு நூல்

அன்புள்ள கீலி அக்காவுக்கு,

உன் பண்ணையில் மழை ஓய்ந்து பாதை காய்ந்திருக்கும், இருபது பேருக்குச் சமைத்துப் போட்ட கையோடு நீயும் உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இங்கே கான்பராவில் அப்பா நலம். அம்மா, வலது மணிக்கட்டைத் தவிர நலம். உன் பூனை டாம்பர் நலமாகிக்கொண்டிருக்கிறான். என்னைப் பற்றி என்ன எழுதுவது என்பது இந்தத் தாளை முடிக்கும்போதுதான் எனக்கே தெரியும். உறையில் இருக்கும் இன்னொரு தாளும் என் கையெழுத்துதான், ஆனால் அது அம்மாவின் கடிதம். வாசல்படி ஈரத்தில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்ட நாளிலிருந்து, மூன்று வாரமாக, அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுகிறேன். உங்கள் பண்ணை போன் மழையில் கெட்டுப் போனதால் டாம்பருக்கு நடந்தது எதுவும் உனக்கு இன்னும் தெரிந்திருக்காது. இந்தத் தாளை யாரும் சொல்லி நான் எழுதவில்லை. அம்மாவும் அப்பாவும் தூங்கிய பிறகு சலவை அறையில், டாம்பர் மலம் கழிக்கும் மணல் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் பண்ணைப் பக்கம் வரும் தபால் விமானத்தைப் பிடிக்க நாளை காலை உறையை ஒட்டிவிடுவோம், அதற்குள் முடிக்க வேண்டும். மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அம்மாவின் தாளில் இப்படி இருக்கும்: டாம்பர் கம்பளி நூலை விழுங்கிவிட்டான், அது என் கவனக்குறைவு, நான்தான் கம்பளி டின்னை மூட மறந்தேன், நம் டீகன்தான் அவனைக் காப்பாற்றினாள். அம்மா சொன்னாள், என் பெயர் உட்பட ஒரு எழுத்து விடாமல் எழுதினேன். அந்த நூல் என்னுடையது அக்கா. அதைச் சொல்லத்தான் இந்தத் தாள்.

போரில் இறந்தவர்களை நினைக்கும் அன்சாக் நாளுக்கு நம் பள்ளி வேலியில் சிவப்புக் கம்பளிப் பாப்பிப் பூ கட்டுவோமே, இந்த வருஷம் நினைவுக் கல்லில் இருக்கும் நாற்பது பெயருக்கும் ஆளுக்கு ஒன்று என்று நாற்பதையும் அம்மா ஏற்றுக்கொண்டிருந்தாள். இருபத்தாறு முடித்தபோது கை போய்விட்டது. வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று அப்பா சொன்னதும் அம்மா எழுந்து போய், பாத்திரம் கழுவும் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதனால் மீதிப் பதினான்கையும் அம்மாவுக்குத் தெரியாமல் பின்னி முடித்து, அன்று காலை மேசையில் அடுக்கி வைக்கலாம் என்று நினைத்தேன். கம்பளி எப்போதும் டின்னில்தான் இருக்க வேண்டும், டின் எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். நான் டின்னைத் திறந்து ஒரு உருண்டையை எடுத்துக்கொண்டு போர்வைக்குள் பின்னினேன். டாம்பர் என் காலடியில் படுத்திருந்தான். ஒன்பதாவது பூவை முடித்து, வெட்டிய நூல்களைத் தலையணைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு அப்படியே தூங்கிவிட்டேன். காலையில் பூக்கள் இருந்தன, நூல்கள் இல்லை. கட்டிலுக்கு அடியில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டேன். குனிந்து பார்க்கக்கூட இல்லை.

அன்று மாலை அவன் மஞ்சளாக நுரை கக்கினான். நக்கி விழுங்கிய முடி வயிற்றில் உருண்டு அடைத்திருக்கும் என்றாள் அம்மா. தினம் சீவிவிடச் சொல்லியிருந்தாய், நான் நாலு நாளாகச் சீவவில்லை, அதனால் அப்படித்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன். மறுநாள் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டான். மணல் தட்டு போட்டது போட்டபடி இருந்தது. அப்பா மண்டியிட்டு அவன் முகத்துக்கு நேரே குனிந்து, “என்னடா பெரிய மனுசா, வயித்துல கல்லு கட்டிட்டியா? நாள் பூரா சோபாவுல படுத்துக் கெடந்தா எப்படிடா எறங்கும்?” என்றார். மலச்சிக்கல் என்று முடிவு செய்து, நீ எழுதி வைத்தபடி வேகவைத்த பூசணியை ஒரு கரண்டி கொடுத்தோம். அதையும் கக்கிவிட்டான். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, முதுகைக் கூனிக்கொண்டு குளியலறை மூலையில் உட்கார்ந்திருந்தான், தொட்டால் முனகினான். எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்ததால் வாயைத் திறந்து பார்த்தேன். நாக்குக்கு அடியில், வேரைச் சுற்றி, சிவப்பாக ஒரு நூல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அக்கா, அந்த நிமிஷத்தில் இழுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. இழுத்தால் வந்துவிடும், யாருக்கும் தெரியாது, நூலைக் குப்பையில் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். நகத்தால் பிடித்தும்விட்டேன். அப்போதுதான் குளிர்ப்பெட்டிக் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன பட்டியலின் கடைசி வரி ஞாபகம் வந்தது: வாயிலோ பின்பக்கமோ நூல் தெரிந்தால் இழுக்காதே, இழுக்காதே, தூக்கிக்கொண்டு ஓடு. இரண்டு தடவை இழுக்காதே என்று எழுதியிருந்ததற்கு நானும் அப்பாவும் உன்னை எவ்வளவு கேலி செய்திருக்கிறோம், பூனைக்கு அரசியலமைப்புச் சட்டம் எழுதுகிறாள் என்று. விரலை எடுத்துவிட்டு அப்பாவைக் கத்திக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் மருத்துவமனை ஊரின் மறுகோடியில் இருந்தது. அப்பா ஓட்டினார், அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின் இருக்கையில் அவன் கூண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவர் பெயர் மேவ், உன் வயதுதான் இருக்கும். நூலின் ஒரு நுனி நாக்கில் மாட்டிக்கொண்டு மறுநுனி குடலுக்குள் போனால், நாடாவை இழுத்துப் பையின் வாயைச் சுருக்குவது போலக் குடல் சுருங்கிவிடுமாம். “இழுத்திருந்தா குடல் கிழிஞ்சிருக்கும், நான் பண்றதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது. இழுக்காம விட்ட அந்தப் புத்திசாலி யாரு?” என்று கேட்டாள். அம்மா என்னைக் காட்டினாள். அப்பா அம்மா பக்கம் திரும்பி, “உன் பூ வேலைதான இது? மூடி வைன்னு எத்தனை வாட்டி சொன்னா கீலி!” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, “ஆமா, என் நூலுதான். டின்ன மூட மறந்துட்டேன். இப்ப சண்ட போட நேரமில்ல, ஆபரேஷனுக்குக் கையெழுத்தப் போடுங்க” என்று சொல்லிவிட்டாள். நான் பேசாமல் நின்றேன். அன்றிலிருந்து இன்றுவரை பேசாமல்தான் இருக்கிறேன்.

குடலை இரண்டு இடத்தில் திறந்து நூலை எடுத்தார்கள். மூன்று நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். அழைத்து வரப் போனபோது மேவ் என்னிடம் தனியாக, “பூனைய வெளிய விடக் கூடாதுங்கறது இந்தப் பக்கத்துச் சட்டம், நல்ல சட்டந்தான், குருவிங்க பொழைச்சுது. ஆனா வேட்டைக்குப் போக முடியாதவன் வீட்டுக்குள்ளயே வேட்டையத் தேடுவான், ஓடுறது நூலா இருந்தாலும் விடமாட்டான். அதனால தெனம் அவனோட வெளையாடு, வெளையாடி முடிச்சதும் கயிற எடுத்துப் பூட்டி வை” என்றாள். இப்போது ஒரு நாளைக்கு நான்கு வேளை, வேளைக்கு இரண்டு கரண்டி, மென்மையான உணவு மட்டும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டிலிருந்து தள்ளி வைத்ததும் நிறையக் குடிக்கிறான். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் டிஷ் ஆன்டெனா போலப் பெரிய கூம்பு மாட்டியிருக்கிறார்கள், கதவுக்குக் கதவு இடித்துக்கொண்டு நடக்கிறான். “எத்தன சேனல்டா வருது ஒனக்கு?” என்று அப்பா கேட்கிறார். இன்று மாலை ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக மணல் தட்டில் ஒழுங்காகப் போனான். அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார், மூவரும் ஒரு பூனையின் மலத்தைச் சுற்றி நின்று சிரித்தோம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கடிதம் எழுத உட்கார்ந்தோம், என் கவனக்குறைவு என்று அம்மா சொல்ல, நான் எழுதினேன்.

எனக்கு எதற்குப் பயம் என்று யோசித்துப் பார்க்கிறேன். நீ இனிமேல் எதையும் என்னிடம் நம்பி விடமாட்டாய் என்ற பயம். அம்மா செய்யாத தப்பைத் தான் செய்ததாக நம்பிக்கொண்டு, இனி ஊசியே தொடமாட்டாளோ என்ற பயம். இதை எழுதுவதற்கு முன்னால் பசித்தது, சமையலறையில் ரொட்டிக்கு ஜாம் எடுக்கப் போனேன். ஜாம் பாட்டிலின் மூடி லேசாக, மூடியும் மூடாமலும் இருந்தது. அம்மாவால் ஒரு கையால் திறக்க முடியாது என்பதால் மூன்று வாரமாக நான்தான் அப்படி வைக்கிறேன். அதற்குப் பக்கத்தில் கம்பளி டின் இருந்தது. அதன் மூடி உனக்குத் தெரியும், துருப்பிடித்து இறுகிப் போனது, முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தால்தான் வரும். அதைக் கையில் எடுத்ததும்தான் உறைத்தது. கையில் கட்டுப் போட்ட பிறகு அம்மா அந்த டின்னைத் திறந்திருக்கவே முடியாது. திறக்காததை எப்படி மூட மறப்பாள்? மருத்துவமனையில் அப்பா கேட்ட அந்த நொடியிலேயே அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அக்கா. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள்.

அதனால் உறையை நான் இப்போது ஒட்டப்போவதில்லை. ஒரு கையால் ஒட்ட முடியாது, எப்படியும் காலையில் அம்மா என்னைத்தான் கூப்பிடுவாள். அப்போது இந்தத் தாளை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு ஒட்டுவேன். அப்பாவிடமும் நானே சொல்வேன். நீ எழுதி வைத்த அந்த ஒரு வரிக்கு என்ன நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீ அவ்வளவு தொலைவில் இருந்துகொண்டு என் விரலைப் பிடித்து நிறுத்தினாய். கோபம் இருந்தால் திட்டி எழுது, ஆனால் எழுது. தொப்பி போடாமல் வெயிலில் அலையாதே, காலணியை உதறிவிட்டுப் போடு, இதெல்லாம் அம்மா தாளிலும் இருக்கும், இருந்தாலும் நானும் சொல்கிறேன். எழுதியதை மெல்ல வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன், டாம்பர் கூம்புக்குள்ளிருந்து உன் பெயரைக் கேட்டுத் தலையைத் தூக்குகிறான்.

உன் தங்கை,
டீகன்

கீலி கண்ணு, இது அம்மா, இடது கையால். படித்துக் காட்டினாள், பாதியில் அழுதுவிட்டாள், மீதியை நான் படித்தேன். ஒன்பது பூவையும் காட்டினாள். ஒன்று மட்டும் கோணல், அதை வேலிக்குக் கொடுக்க மாட்டேன், என் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். ஆக இன்னும் ஆறு. மாலையில் அவள் பின்னுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பின்னல் கண்ணி எண்ணுவேன். டாம்பர் கதவுக்கு வெளியே இருப்பான். நல்லா இரு.