மூன்று வெள்ளை சேர்ந்து வந்த சாயங்காலம்

கூடலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

என் அருமை மருமகள் மிஸ்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் அத்தா மவுத்தான நாளிலிருந்து உன்னைத் தோளில் போட்டு வளர்த்த தாய்மாமன் ராஜா முகம்மது, பள்ளத்தாக்கின் சக்கரவர்த்தி, சாக்கு வியாபாரிகளின் சுல்தான், எழுதுகிறேன். அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு, ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். இப்போது நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று என் மீசையைத் தொட்டு உறுதி சொல்கிறேன். போனில் சொல்லலாம் என்றால், உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒண்ணும் நடக்கலடி, உன் மாமன் கதை விடுறான் என்று பிடுங்கிவிடுகிறாள். அதனால்தான் கடிதம். உன் அம்மா நலம், என்னைத் திட்டும் அளவுக்கு நலம். அதை முதலில் நெஞ்சில் போட்டுக்கொண்டு மேலே படி.

எல்லாம் உன் ரெஹானா மாமியால் வந்தது. இரண்டாம் வகுப்புக்குக் கணக்கில் அமைப்பு என்று ஒரு பாடம் நடத்துகிறாள். புளியங்கொட்டை, புளியங்கொட்டை, பாட்டில் மூடி, மறுபடி புளியங்கொட்டை, புளியங்கொட்டை என்று தரையில் பரப்பி வைத்துவிட்டு, அடுத்து என்ன வரும் என்று கேட்பாள். பிள்ளைகள் கூரை பறக்கக் கத்தும், அந்தச் சத்தத்தில் முல்லைப் பெரியாறு ஒரு நிமிடம் பின்னோக்கி ஓடியதாகக் கேள்வி. பிறகு கைதட்டு, கைதட்டு, தொடைதட்டு என்று ஆரம்பித்தாள், ஊரில் ஒரு தொடை சிவக்காமல் இல்லை. கடைசியில் ஒரு கொட்டையை எடுத்து ஒளித்துவிட்டு, எங்கன ஓட்டை விழுந்துச்சு சொல்லுங்க பார்ப்போம் என்பாள். இத்தோடு விட்டாளா, வீட்டுக்குப் போகிற வழியில் ஆளுக்கொரு அமைப்பைக் கண்டுபிடித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். அதிலிருந்து என் கடை வாசலில் ஒரு மூட்டையைக்கூட நிம்மதியாக மாற்றி வைக்க முடியவில்லை. பெரிய சாக்கு, சின்ன சாக்கு, பெரிய சாக்கு, மாமா இங்கன தப்பா வச்சுட்டீக என்று கால் உயரப் பிள்ளை ஒன்று வந்து அதட்டுகிறது.

நம் கடைக்கு எதிரே ஜீப் ஸ்டாண்டு இருப்பது உனக்குத் தெரியும். விடியலில் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு மேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய இறங்குகிற வண்டிகள். யார் முதலில் ஏற்றுவது என்று கீழத்தெருக்காரர்களுக்கும் மேலத்தெருக்காரர்களுக்கும் நடந்த மகாயுத்தத்தில் டீ ஆறாக ஓடி, பாய்லர்கள் வீரமரணம் அடைந்து, கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. கீழத்தெரு வெள்ளை வண்டி இரண்டு, மேலத்தெரு பச்சை வண்டி ஒன்று, மறுபடி வெள்ளை இரண்டு, பச்சை ஒன்று. ஏறின வரிசையிலேயே இறங்கவும் வேண்டும். கடைசி வண்டி மட்டும் இம்மானுவேலின் வெள்ளை, அது இந்தக் கணக்கில் சேராத தனி வண்டி. பச்சை வண்டிகள் ஸ்டாண்டில் நிற்காமல் கடையைக் கடந்து நேரே மேலத்தெருவுக்குத் திரும்பிவிடும், அதனால் அவற்றை யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. இம்மானுவேல் வந்து நீளமாக ஒரு ஹாரன் அடித்தால் எல்லோரும் இறங்கியாயிற்று என்று அர்த்தம். டீக்கடைக்காரர் அடுப்பை அணைப்பார், கடை வாசலில் விளையாடுகிற பிள்ளைகள் அம்மாவைத் தேடி வீட்டுக்கு ஓடும்.

போன புதன்கிழமை மலையில் மூடுபனி. சாதாரணப் பனி இல்லை மருமகளே, கத்தியால் வெட்டிச் சாக்கில் கட்டி விற்கலாம், நான் விலையே யோசித்துவிட்டேன். உன் அம்மா உன் அத்தா விட்டுப்போன அந்தத் துண்டுத் தோட்டத்துக்கு ஆட்களோடு கடைசிப் பச்சையான பலவேசத்தின் வண்டியில் போயிருந்தாள். அவளிடம் வேலை செய்கிற பொன்னாத்தாளும் அதே வண்டி. பொன்னாத்தாள் மகள் ஞானசெல்வி மாமியின் வகுப்பு. அது கடைப்படியில் உட்கார்ந்து, இறங்கும் வண்டிகளுக்கு அமைப்பு போட்டுக்கொண்டிருந்தது, வெள்ளைக்குக் கூழாங்கல், பச்சைக்குப் புங்கை இலை. இம்மானுவேல் வந்து ஹாரன் அடித்தார். பிள்ளைகள் எல்லாம் ஓடின, இது மட்டும் நகரவில்லை. பள்ளி விட்டுக் கடைக்கு வந்திருந்த உன் மாமியிடம், மூணு வெள்ளை சேந்து வந்துருச்சு டீச்சர், நடுவுல இலை வரலை, தனி வண்டிக்கு முன்னால இலை வரணும்ல என்றது. ஸ்டாண்டில் முறை பார்க்கிற சங்கரலிங்கம் சிரித்துவிட்டு, ஹாரன் அடிச்சாச்சு, எல்லாரும் எறங்கிட்டாக, உங்க ஆத்தா சோறு வடிச்சுக்கிட்டு இருப்பாக, ஓடு ஆத்தா என்றார். அவர் காலால் கடைசிக் கல்லை நெருக்கித் தள்ளப் போனபோது பிள்ளை இரண்டு கல்லுக்கு நடுவில் இருந்த வெறும் தரையைக் கையால் பொத்திக்கொண்டது. பிறகு நிமிர்ந்து ரெஹானாவைப் பார்த்து, டீச்சர், அடுத்து என்ன வரும் என்று கேட்டது.

ஊருக்கே பதில் சொல்கிற உன் மாமி, வராதது பலவேசம் வண்டிதானே என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, இமயமலையைத் தூக்கி என் நெஞ்சில் வைத்து அதன் மேல் ஓர் ஆனையையும் ஏற்றி உட்கார வைத்தாற்போல் இருந்தது. உன் அம்மாவுக்குப் போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. பலவேசத்துக்குப் போட்டேன், அதே பொம்பிளை அதே குரலில் அதையே சொன்னது. மேலத்தெருவுக்கு விசாரிக்க அனுப்பிய ஆள் திரும்பி வந்து, பலவேசம் வண்டி வரலையே, பின்னால வருதுன்னுல்ல நினைச்சுக்கிட்டு இருக்காக என்றான். பனியில ஒண்ணும் தெரியலை அண்ணே, பலவேசம் எனக்கு முன்னால போயிட்டான்னு நினைச்சேன் என்று இம்மானுவேல் மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். அவர் வண்டியைத் திருப்ப, நான் ஏறினேன். அதன் பிறகு நடந்ததைக் கேள். ஆயிரம் வளைவு, ஒவ்வொரு வளைவிலும் ஒரு புலி, புலிகள் என் மீசையைப் பார்த்து வழிவிட்டன. ஒவ்வொரு வளைவிலும் இறங்கி அக்கா என்று கத்தினேன், என் குரலில் கேரளத்தில் மூன்று ரப்பர் மரம் சாய்ந்தது. நம் தோட்டத்துக் கிளைப்பாதை சாலையில் சேருகிற இடத்தில், பனிக்கு அடியிலிருந்து, ஏலே ராஜா, கத்தாத, காது போகுது என்று ஒரு குரல். டார்ச் அடித்தால் ஜீப் பாதாளத்தின் மேல் என் கட்டைவிரல் கனம்கூட இல்லாத ஒரு மரத்தில் சாய்ந்து தொங்குகிறது, கீழே ஏழு உலகமும் தெரிகிறது. பெண்கள் எல்லாம் முன்னமே மேலே ஏறிச் சாலை ஓரத்தில் ஒருவரை ஒருவர் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பலவேசத்துக்குக் கையில் அடி, பொன்னாத்தாளுக்கு நெற்றியில் சிராய்ப்பு, மற்றவர்களுக்கு அல்லாஹ் காத்தான்.

இப்போது ஸ்டாண்டில் ஹாரனுக்கு மரியாதை போய்விட்டது. ஞானசெல்வி இலை வைத்தால்தான் அடுப்பை அணைப்பேன் என்கிறார் டீக்கடைக்காரர். வண்டிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருகிறார்கள், அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மாமி அமைப்புப் பாடத்தைப் பூவும் கொலுசுமாக மாற்றிப் பார்க்கிறாள், ஆனால் அடுத்து என்ன வரும் என்று கேட்கும்போது அவள் குரல் முன்போல் இல்லை. எனக்குப் பயமெல்லாம் நாளைக்குத்தான். காய் பழுத்துப் போகும் என்று உன் அம்மா நாளை மறுபடி ஏறப்போகிறாள், நான் சொன்னால் கேட்க மாட்டாள். கடிதம் போய்ச் சேர நாளாகும் என்பதால் இதைப் போட்டோ பிடித்து இப்போதே உனக்கு அனுப்பும்படி மாமியிடம் சொல்கிறேன். பார்த்ததும் கூப்பிடு. போகாதே என்று சொல்லாதே, சண்டைக்கு வருவாள். பனி விலகின பிறகு ஏறு, பொழுதோடு இறங்கு, இறங்கியதும் எனக்கு ஒரு போன் போடு என்று மட்டும் சொல். நீயும் அங்கே இரவு வேலை முடிந்து தனியாக நடக்காதே. ரோட்டில் பனிக்கட்டி வழுக்கும் என்கிறார்கள், பார்த்துக் கால் வை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் குறையாத பரக்கத்தையும் தருவானாக. மாமியின் சலாமும் துஆவும்.

இதைப் படித்தால் உன் அம்மா அத்தனையும் பொய் என்பாள். புலி பொய்தான். பாதாளம் இடுப்பளவு ஓடை. மரமும் நல்ல பருமன். மிச்சத்தை நீயே சலித்துக்கொள். ஆனால் ஒரு சின்ன விஷயம் நிஜம், அவளே மறுக்க முடியாது. ஊரையே அதட்டுகிற என் அக்கா, மலை இறங்கி வருகிற வழி முழுக்க என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கிய பிறகும் விடவில்லை.

உன் மாமா,
ராஜா முகம்மது