ஒருவருக்கான நேரலை

நாள் 212, 07:10
நிலவின் தென்முனை நிலையம். பதிவு செய்பவர்: தமயந்தி, தொடர்புப் பொறியாளர். காற்று, மின்சாரம், கோபுரக் கேமரா எல்லாம் சரி. துளைப்பாளர் சந்தியாகு அண்ணன் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டார். நிலையத்தில் நாங்கள் இருவர்தான்.

நாள் 212, 09:00
சுரங்கம் சரிந்தது. அவர் உள்ளே மாட்டிக்கொண்டார். உயிரோடு இருக்கிறார். துளைப்பு இயந்திரத்தின் கேபிள் அறுபடவில்லை. அதன் வழியாகப் பேச முடிகிறது. வாசலை அடைத்த பாறையை என்னால் அசைக்கக்கூட முடியவில்லை.
பூமியிலிருந்து செய்தி: "மீட்புக் கலம் வந்துசேர ஐந்து நாளாகும்."
அவருடைய உடையின் பேட்டரி ஒரு நாள்கூடத் தாங்காது. அது தீர்ந்தால் குளிர்தான்.

நாள் 212, 11:10
"தங்கச்சி, ஒரே இருட்டா கெடக்கு. எதையாவது காட்டேன். ஹெல்மெட் திரை வேல செய்யுது."
ஒளிபரப்பு மென்பொருள் இருந்த கணினி சுரங்க வாசலில் இருந்தது, சரிவில் நசுங்கிப் போனது. இன்னொரு கணினியின் கறுப்புத் திரையில் கையாலேயே கட்டளை அடித்தேன்: கோபுரக் கேமராவின் படத்தை எடு, சுருக்கு, இணைபவருக்கு அனுப்பு. கேபிள் தாங்கவில்லை. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்டினேன்.
"வந்துட்டு! பூமி தெரியுது. நம்ம பக்கம் இல்லையோ?"
"இல்லண்ணே, அமெரிக்கா. நம்ம கடல் திரும்பி வர சாயங்காலம் ஆயிடும்."
"ஆவட்டும். தூத்துக்குடிக் கடல ஒருக்கா பாக்கணும்."

நாள் 212, 15:30
திரைக்கும் சூடாக்கிக்கும் ஒரே பேட்டரி. திரையை அணைக்கச் சொன்னேன். கேட்கவில்லை. அவரிடம் சொல்லாமல் கட்டளையை மாற்றினேன்: நிமிடத்துக்கு ஒரே படம், நடுவில் திரை உறங்கும். கண்டுபிடித்துவிட்டார்.
"மேகம் ஏன் நகரல? பேட்டரி போவுதுன்னா? அது எனக்குத் தெரியாதா தங்கச்சி? ஓடுற மாதிரியே போடு."
போட்டேன். இரண்டு தடவை பிழையாக அடித்தேன்.

நாள் 212, 20:05
இந்தியா பூமியின் விளிம்புக்கு வந்துவிட்டது. என் கேமராத் திரையில் வங்கக் கடல் முழுக்க மேகம். அவர் பேச்சு குழறுகிறது.
"அண்ணே, ஏதாவது தெரியுதா?"
"தெரியுது... கடல் பச்சையா... எங்க வள்ளம் கூட... செத்த நேரம் பேசாம இரு. பாக்கேன்."
ஒலிவாங்கியை அணைத்தேன்.

நாள் 212, 21:15
கூப்பிட்டேன். பதில் இல்லை. கத்தினேன்.
பிறகுதான் கறுப்புத் திரையைத் திரும்பிப் பார்த்தேன். நினைவகம் நிரம்பி, நிரல் 19:41-க்கே நின்றுபோயிருக்கிறது. அதற்குப் பிறகு அவருக்கு ஒரு படமும் போகவில்லை.
அவர் பார்த்த கடலை நான் அனுப்பவில்லை.

நாள் 212, 21:40
மறுபடி ஓட்டினேன். மேகம் விலகிவிட்டது. மன்னாரிலிருந்து குமரி வரை கரை தெளிவாக, நீலமாகத் தெரிகிறது. "அண்ணே, இப்ப பாருங்க, இப்பதான் நெஜமாவே தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். யாரும் இணையவில்லை.

நாள் 217
கலம் இறங்கிவிட்டது. "எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்" என்கிறார்கள். விளக்கை, பம்பை, வானொலியை அணைத்தேன். இதைக் கண்டெடுப்பவருக்கு: நேரலை இன்னும் ஓடுகிறது. நிறுத்த இரண்டு விசைகளை அழுத்தினால் போதும். என்னால்