மரமீனுக்குள் துருவேறிய கம்பி

நீ வாங்கி வந்தது கடல் உப்பிலும் துருப்பிடிக்காத 316 ரகக் கம்பி இல்லை. என்னிடம் பொய் சொன்னாய்.

நம்முடைய மரமீன் ஒன்று மேசைமேல் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. முழங்கை நீளம். பெரிய பாரை, சீலா மீன்களை ஏமாற்றித் தூண்டிலில் பிடிக்க, தீப்பெட்டிக் கம்பெனிக்கு வரும் மரத்தில் நீயும் நானும் செதுக்கியது. போன வாரம் ரம்பத்தால் அறுத்தேன். ஈர மரமும் துருவும் கலந்த வாடை இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. வாயிலும் வாலிலும் வெளியே தெரியும் வளையங்கள் புதிதாக மின்னுகின்றன. மரத்துக்குள் மறைந்திருந்த இடத்தில் கம்பி அரித்து ஊசிபோல் இளைத்திருக்கிறது.

இதன் ஜோடி போன மாதம் கடலில் அறுந்தது. வேம்பார் அந்தோணி அண்ணாச்சி, பாரை ஒன்றைப் படகோரம்வரை இழுத்துவிட்டார். கம்பி நடுவில் விட்டுப்போய், மரமீனின் முன்பாதி வயிற்றுத் தூண்டில் முள்ளோடு தெறித்து அவர் உள்ளங்கையில் இறங்கியது. தையல் போட்டும் இரண்டு விரல் மடங்கவில்லை. “கண்ணுல பட்டிருந்தா என்ன தம்பி செய்வீங்க?” என்று கேட்டார். 

இந்தக் கம்பிக்காக நாம் எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டோம். கையால் வளைகிற கம்பி என்றால் பெரிய மீன் இழுக்கும்போது வளையம் விரிந்துவிடும். ரொம்ப விறைப்பு என்றால் வளைக்கும் இடத்திலேயே கீறல் விழும். கடைசியில் ஒன்றரை மில்லிமீட்டர் கனம், நடுத்தர விறைப்பு என்று முடிவுசெய்தோம். துருப்பிடிக்குமா என்பதற்கு உன்னிடம் இரண்டு சோதனை இருந்தது. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை வைத்து, “ஒட்டலைன்னா நல்ல கம்பிலே” என்பாய். பிறகு நம் போர்வெல் உப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, கம்பித் துண்டை உள்ளே போட்டாய். “நம்ம ஊருத் தண்ணி மோட்டார் குழாயையே தின்னுபோடுது. இதுக்குத் தாங்குனது கடலுக்குத் தாங்காதாலே?”

கரிசல்காட்டில் பிறந்தவனுக்குத்தான் இந்த யோசனை வரும். ஒரு மாதத்துக்குமேல் ஊறியும் கம்பியில் புள்ளி விழவில்லை. எனக்கும் உன்மேல் பெருமைதான். கம்பியைத் தனியாக ஊறவைத்தோம். மரத்துக்குள் செருகி ஊறவைக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. காற்றுப்படாமல் உப்பு ஈரத்தில் அடைபட்டால் கம்பி வேறு மாதிரி அரிக்கும் என்பது இப்போதுதான் தெரிகிறது.

நேற்று மதுரைக்கு, நீ கம்பி வாங்கிய கடைக்குப் போனேன். மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாதாம். நல்ல கம்பியையே விறைப்பாக இழுத்தால் லேசாக ஒட்டுமாம். அப்படி ஒட்டியது என்று நாம் ஒதுக்கிய முதல் சுருள் ஒருவேளை சரியானதாகக்கூட இருந்திருக்கும். உன் பெயரைச் சொன்னதும் கடைக்காரருக்கு ஞாபகம் வந்துவிட்டது. “ரகச் சீட்டு கிடையாது, துண்டுச் சுருள்னு சொல்லித்தானே குடுத்தோம். டன் கணக்குல எடுக்குற கம்பெனிக்குத்தான் சர்டிபிகேட். ரெண்டு கிலோவுக்கு எவன் பேப்பர் தருவான்?”

என்னிடம் நீ, “சீட்டு பஸ்ல விழுந்துட்டுலே” என்றாய்.

கம்பெனிக்காரன் செய்யும் கரண்டிக்கும் தட்டுக்கும் சான்றிதழ் இருக்கிறது. கடலில் ஒரு மனிதன் நம்பிப் பிடிக்கும் கம்பிக்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்கூட இல்லை. கொஞ்சமாக வாங்குகிறவன் கழிவைத்தான் வாங்கவேண்டும் என்று எவனோ எங்கோ முடிவுசெய்து வைத்திருக்கிறான். அவன்மேல் வரும் ஆத்திரம் உன்மேல் வருவதைக் குறைக்கவில்லை. உனக்குத் தெரிந்திருந்தது.

தெரிந்திருந்தது என்பதை அந்தோணி அண்ணாச்சியே சொன்னார். “சாவுறதுக்கு முந்தின நாளு போன் பண்ணுனான் தம்பி. ‘கடல்ல போட்டுறாதீங்க அண்ணாச்சி, நாளைக்கு வந்து எடுத்துக்கிடுதேன்’னான். மறுநாளு செய்திதான் வந்துச்சு. அவன் நெனப்பா வச்சிருந்தேன். பாரை ஓட்டம் வரவும் மனசு கேக்கல, போட்டுட்டேன்.”

எட்டயபுரம் விலக்கில் லாரி உன்னை அடித்தபோது உன் பை காலியாக இருந்தது. புது ஆர்டர் கேட்கப் போனான் என்று உன் அம்மாவிடம் நான்தான் சொன்னேன். ஊர் முழுக்க அதையே சொன்னேன். நீ போனது விற்றதையெல்லாம் திரும்ப வாங்க. பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உன் போன் லாரிச் சக்கரத்தில் நொறுங்கியிருந்தாலும் வாங்கியவர்களின் பட்டியல் என்னிடம் இருந்திருக்கும்.

மொத்தம் இருபத்துநாலு செய்தோம். அண்ணாச்சியிடம் இருந்தவை இரண்டு. வேம்பாரில் இன்னும் இரண்டு படகில் விசாரித்து ஐந்து வாங்கிவிட்டேன். ஞாயிறு பூசை முடியும் நேரம் ஒவ்வொரு கரையிலும் மாதா கோயில் வாசலில் நிற்கிறேன். “வித்த சாமானத் திருப்பிக் கேட்டு வந்த மொத ஆளு நீருதான்வே” என்று ஒருவர் சிரித்தார். இன்னொருவர், “நல்லாத்தானே மின்னுது” என்று தரமாட்டேன் என்றார். அறுத்த மரமீனைக் காட்டிய பிறகுதான் தந்தார். போன் அடிக்கும்போதெல்லாம் அண்ணாச்சியின் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. யாருடைய கையோ, யாருடைய கண்ணோ.

பாரை ஓட்டம் இன்னும் முடியவில்லை. மீதிப் பதினேழையும் கரைகரையாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நீ. யாரிடம் கொடுத்தாய்? பெயர் மறந்திருந்தால் ஊரைச் சொல், படகின் நிறத்தையாவது சொல். சொல்லுலே.