நான் கண்ணை எடுக்கவில்லை

என்னங்க,

கரப்பான்பூச்சியைக் கண்டாலே கத்துகிறவள், அலுவலகத் தோழிகளோடு வந்த இடத்தில் இன்று சுறாவோடு நீந்திவிட்டேன். நடுக்கடல். கூண்டும் கிடையாது.

குதிக்குமுன் வழிகாட்டிப் பெண் சொன்னாள்: “கிட்ட வந்தா முதுகு காட்டாதீங்கக்கா. ஓடுனா துரத்தும். கண்ணையே பாருங்க.”

நம் கட்டிலைவிட நீளம். நேரே என் முகத்துக்கு வந்தது. உங்கள் குரல் உயர்ந்தாலே அடுக்களைக்குள் ஒளிகிறவள், அசையாமல் அதன் கண்ணையே பார்த்தேன். கைக்கெட்டும் தூரத்தில் அதுதான் விலகிப் போனது! படகில் ஏறியதும் விசிலடித்தேன்.

ஞாயிறு காலை வருகிறேன். பீரோவில் நீங்கள் பூட்டிவைத்த என் பதவி உயர்வுக் கடிதத்தை மேசைமேல் எடுத்து வையுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேசுவோம். காபி மட்டும் நீங்களே போட்டுவிடுங்கள். நான் அடுக்களைக்குள் போவதாக இல்லை.

இன்னும் விசிலடித்துக்கொண்டே,
உங்கள் வீட்டுக்காரி