அக்கா காட்டிய திமிங்கிலம்

ஆடி 9, வியாழன்

வயலை விற்றதில் வந்த மனத்தாங்கலில் இரண்டு வருடமாகப் பேசாத அக்கா, இன்று காலை கனடாவிலிருந்து வீடியோ காலில் வந்தாள். அங்கே மாலை வெயில். படகில் நின்றபடி கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் காட்டினாள்.

"பாருடி, ஒண்ணு கீழேருந்து வட்டமா குமிழ் விடுது. பொடிமீனெல்லாம் மெரண்டு நடுவுல சேருது. உடனே திமிங்கிலமெல்லாம் வாயத் தெறந்துக்கிட்டு மேல வருதுங்க."

எங்கள் வாய்க்காலில் அவள்தான் தண்ணீரை அடித்துக் கெண்டைக் குஞ்சுகளை விரட்டுவாள். இந்தப் பக்கம் நான் பழைய தாவணியை விரித்துப் பிடித்திருப்பேன்.

"தாவணி ஞாபகம் இருக்காடி?"

"அடுப்புல பால் இருக்குக்கா" என்று போனை வைத்துவிட்டேன்.

அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

இங்கே இருட்டிவிட்டது. இப்போது அங்கே விடிந்திருக்கும்.